மானத்துக்குப் போட்ட மூட்டம்

விருத்தாசலத்தில் பீங்கான் வேலை பார்க்கிறவர்களிடம் போய் "மூட்டம்" என்று சொல்லிப் பாருங்கள். ஒருத்தரும் அண்ணாந்து மானத்தைப் பார்க்க மாட்டார்கள். "எந்தச் சூளை? எத்தினி மணிக்கு?" என்றுதான் கேட்பார்கள். சரக்கை அடுக்கி, கதவைச் சாத்தி, சூளைக்குத் தீ வைப்பதற்கு அவர்கள் வைத்திருக்கிற பேர் அது. பாஹிமாவும் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான். ஆனால் அவள் போனில் வருகிற மூட்டம் வேறு, அது மேக மூட்டம். "ஏம்மா, மானத்துக்கும் நாங்கதான் மூட்டம் போட்டோமா?" என்று சூளைக்காரர் கோதண்டபாணி அவளைப் பார்க்கும்போதெல்லாம் கிண்டல் பண்ணுவார். பாவி மனுசன், தன் வாயால் என்ன சொல்கிறோம் என்று அப்போது அவருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

பாஹிமாவுக்கு முப்பத்தாறு வயது. பீங்கான் படிப்பில் டிப்ளமோ. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் பியூஸ் கட்டை செய்கிற ஒரு கம்பெனியில் சூளையிலிருந்து வரும் சரக்கைச் சோதிக்கிற வேலை, மதியம் ரெண்டு மணி ஷிப்டு, ராத்திரி பத்துக்கு விடுவார்கள். வீட்டுக்காரர் இஃப்திகார் சவூதியில், தம்மாமில் இருக்கிறார். மற்ற பெண்கள் மாடியில் வடகம் காயவைப்பார்கள், இவள் தொலைநோக்கி வைத்திருந்தாள். தண்ணி டேங்க் பக்கத்தில் ஒரு தகரப் பெட்டி, அதற்கு மோட்டாரில் நகருகிற ஒரு மூடி, உள்ளே எட்டு அங்குல வாய் கொண்ட குழாய். சொந்தக்காரர்கள் அதைக் கோழிக்கூடு என்று நினைத்து முட்டை கேட்டதுண்டு.

அவள் செய்தது விளையாட்டு வேலை இல்லை. சூரியனைச் சுற்றி ஓடுகிற ஏதோ ஒரு கல், நட்சத்திரம் ஒன்றுக்கு நேர் குறுக்கே வந்து அதைச் சில வினாடி மறைத்துவிட்டுப் போகும். அதன் நிழல் பூமியில் ஒரு பட்டையாக ஓடும். பட்டைக்குள் இருக்கிற ஊர்களில் ஆளுக்கொரு பக்கம் நின்று, நட்சத்திரம் எத்தனை வினாடி அணைந்தது என்று பதிவு பண்ணினால், முகம் தெரியாத அந்தக் கல்லின் அளவும் வடிவமும் தெரிந்துவிடும். இதற்கென்று பெங்களூரில் ஒரு சின்னக் குழு. அதை நடத்துகிற சக்கரபாணிதான் பாஹிமாவை நம்பி ஒரு கேமராவை இரவல் அனுப்பியிருந்தார். அது வந்த அன்று அவள் பெட்டியைப் பிரிக்காமல் ஒரு மணி நேரம் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்த வயசில் தன்னை நம்பி ஒருத்தர் ஒரு வேலை கொடுக்கிறார் என்பது அவளுக்கு அவ்வளவு பெரிதாக இருந்தது.

அந்தக் கேமராதான் இப்போது போகப் பார்த்தது. அக்டோபரில் ஒரு கல் வந்தது, அவள் வீட்டு மாடியிலிருந்து பதிவில்லை, மூட்டம். டிசம்பரில் ஒன்று, அப்போதும் மூட்டம். பிப்ரவரியில் மூன்றாவது வருவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது சக்கரபாணி போன் பண்ணினார். தங்கமான மனுசர், குரலை உயர்த்தவே மாட்டார்.

"உங்க மேல தப்பில்லங்க மேடம். ஆனா குழுவுல எல்லாரும் கேக்கறாங்க. இந்தத் தடவையும் மூட்டம்னா, கேமராவ மானம் தெளிவா இருக்கற ஊருக்கு மாத்திடலாம்னு இருக்கோம். தப்பா எடுத்துக்காதீங்க."

"சரிங்க சார்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அவள் ஷிப்டில் இருக்கும்போது மாடியில் பெட்டியைத் திறப்பதா வேண்டாமா என்று முடிவு பண்ணுவது ஒரு சென்சார். சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். மானத்தை அண்ணாந்து பார்த்து, அங்கேயிருந்து வருகிற வெப்பத்தை அளக்கும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சம் என்பார்களே, அதை வைத்து. மேகம் என்பது ஊருக்குப் போர்த்தின கம்பளி. கம்பளி இருந்தால் மேலேயும் வெதுவெதுப்பு தெரியும். கம்பளி விலகினால் பனிக்கட்டியை விடக் குளிர்ந்த வெறும் மானம். மேலே குளிர் என்றால் சென்சார் அவள் போனுக்கு "தெளிவு" என்று அனுப்பும், பெட்டி திறக்கும். வெதுவெதுப்பு என்றால் "மூட்டம்", பெட்டி மூடியே கிடக்கும். எண் எல்லாம் எதற்கு, ஒரு சொல் போதும் என்று அவளேதான் அப்படி அமைத்தாள். கோடையில் சோதித்துப் பார்த்தபோது அச்சு அசலாக வேலை செய்தது.

செப்டம்பரில், மழைக்கு முன்னாடி, அதற்கு ஒரு கூடு வேண்டியிருந்தது. கோதண்டபாணியிடம் சொன்னாள். அவர் நாற்பத்தைந்து வயசுக்காரர், கைவேலை என்றால் சோறு தண்ணி மறந்துவிடுவார். நாலே நாளில் வெள்ளைப் பீங்கானில் ஒரு குப்பி செய்து, சூளையில் சுட்டு, அவரே வந்து மாடியில் மாட்டினார். மேல் வாயில் வட்டமாக ஒரு கண்ணாடி. சூளைக்குள் எட்டிப் பார்க்கிற ஓட்டைக்குப் போடுகிற அதே கண்ணாடி. சூளைக் கண் என்பார்கள் அதை.

"மழைத்தண்ணி ஒரு சொட்டு எறங்காது பாரும்மா. கண்ணாடி இருக்கறதே தெரியல இல்ல?"

உண்மையிலேயே தெரியவில்லை. அவ்வளவு துல்லியம். ஆயிரத்து இருநூறு டிகிரிச் சூளையை அந்தக் கண்ணாடி வழியாகத்தான் கருவி வைத்து தினமும் அளக்கிறார்கள். சூட்டுக்குக் கண்ணாடி ஒரு தடையா என்ன? பாஹிமாவும் அப்படித்தான் நினைத்தாள். இருபது ரூபாய் அல்வாவும் மிச்சரும் வாங்கிக் கொடுத்து அவரை அனுப்பிவைத்தாள்.

அதற்கப்புறம் போனில் தினமும் மூட்டம். ஐப்பசி, கார்த்திகை, சரி, அடைமழை. மார்கழியில் பனி என்று வைத்துக்கொண்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடியில் நட்சத்திரம் கொட்டிக் கிடந்தது, போனில் மூட்டம். இங்கேதான் அவள் மேல் எனக்குக் கோபம் வருகிறது. படித்த பெண், அண்ணாந்து பார்த்தவள், என்ன நினைத்தாள் தெரியுமா? "உசரத்துல மெல்லிசா ஏதோ மேகம் இருக்கும், நம்ம கண்ணுக்குத் தெரியல, மிஷினுக்குத் தெரியுது" என்று கீழே இறங்கிவிட்டாள். ரெண்டு கண்ணையும் வைத்துக்கொண்டு பொத்தானை நம்பினாள்.

அந்த வெள்ளிக்கிழமை வந்தது. கல் வரும் நேரம் சாயங்காலம் ஏழு நாற்பத்தெட்டு. ஏழு மணிக்குக் கிளம்ப மேனேஜரிடம் பெர்மிஷன் வாங்கி வைத்திருந்தாள். ஆறரைக்குப் போனைப் பார்த்தாள். மூட்டம். ஆறே முக்காலுக்கும் மூட்டம். மேனேஜரிடம் போய், "வேணாம் சார், நான் இருந்துடறேன்" என்று பெர்மிஷனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கண்ணாடி ஜன்னல் போட்ட தன் கேபினுக்குள் வந்து உட்கார்ந்தாள். அழக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். கேமராவை எந்தப் பெட்டியில் வந்ததோ அதே பெட்டியில் வைத்து அனுப்ப வேண்டும், நல்லவேளை, பெட்டியைத் தூக்கிப் போடவில்லை.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் சூளையிலிருந்து ஒரு டிராலி சரக்கை வெளியே தள்ளிக்கொண்டு வந்தார் கோதண்டபாணி. பியூஸ் கட்டைகள் வரிசையாக அடுக்கி ஆறிக்கொண்டிருந்தன. அது ஆறிவிட்டதா என்று பார்க்க அவளிடம் ஒரு துப்பாக்கி உண்டு, குறி பார்த்து அமுக்கினால் சூடு எவ்வளவு என்று எண் வரும்.

"ஏம்மா, கை வெக்கலாமா?"

எழுந்து போக அவளுக்கு மனசில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே ஜன்னல் வழியாகத் துப்பாக்கியை நீட்டி அமுக்கினாள். முப்பத்திரண்டு.

"வெய்யிங்கண்ணே."

கையை வைத்தவர், "அடி ஆத்தே!" என்று விரலை உதறிக்கொண்டு குதித்தார். "என்னாம்மா, கொல்லப் பாக்கறியா? நெருப்பாட்டம் சுடுது!"

பதறியடித்துக்கொண்டு வெளியே ஓடிவந்தாள். டிராலிக்குப் பக்கத்தில் நின்று அமுக்கினாள். எண்பத்து நாலு. துப்பாக்கி கெட்டுவிட்டதா? உள்ளே போய் ஜன்னல் வழியாக அமுக்கினாள். முப்பத்திரண்டு. ஜன்னலைத் திறந்துவிட்டு அமுக்கினாள். எண்பத்து மூன்று. மூடினாள். முப்பத்திரண்டு. கோதண்டபாணி விரலை வாயில் வைத்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"துப்பாக்கி கட்டையப் பாக்கலண்ணே" என்றாள். "கண்ணாடியத்தான் பாக்குது. கண்ணாடிக்கு அந்தாண்ட ஒண்ணுமே அதுக்குத் தெரியல."

"சூளைக் கண்ணுல தெரியுதே?"

"சூளை தணலா எரியுது, அந்த வெளிச்சம் கண்ணாடியத் தாண்டிடும். சும்மா சூடு தாண்டாது. குளிரும் தாண்டாது." அவள் போனை எடுத்து, அஞ்சு மாசமாகத் திறந்தே பார்க்காத எண் பட்டியலைத் திறந்தாள். இருபத்தாறு. நேற்றும் இருபத்தாறு. எந்த ஊர் மேகம் இருபத்தாறு டிகிரியில் இருக்கும்? "அண்ணே, என் வூட்டு மாடியில இருக்கறது மேகம் இல்ல. நீங்க போட்ட கண்ணாடி."

கோதண்டபாணிக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் முகம் சுருங்கிப் போனது. "ரெண்டு தடவையும் அதனாலயா?" என்றார். அவள் போனில் நேரத்தைப் பார்த்தாள். மணி ஏழு பத்து.

"வளவா, சூளையப் பாத்துக்க, செத்த நேரத்துல வரேன்" என்று கூட வேலை செய்கிறவரிடம் கத்திவிட்டு, மூலையில் கிடந்த சின்னச் சுத்தியலை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார் கோதண்டபாணி. இவள் மேனேஜரிடம் போய் நின்றாள். அவர் தலையில் அடித்துக்கொண்டு, "வேணாம்னது நீதானம்மா, சரி போ" என்றார். கோதண்டபாணியின் டிவிஎஸ்ஸில் ரெண்டு பேரும் கிளம்பினார்கள். வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. கடலூர்ப் பக்கம் போகிற ஒரு கூட்ஸ் வண்டி போகிறது, போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. அத்தனை பெட்டியையும் வாழ்நாளில் ஒருத்தரும் அப்படித் திட்டியிருக்க மாட்டார்கள். கேட்டில் நிற்கும்போதுதான் பாஹிமா அண்ணாந்து பார்த்தாள். சுத்தமான மானம். ஒரு துணுக்கு மேகம் இல்லை.

மாடிக்கு வந்தபோது ஏழு முப்பது. பக்கத்துப் பள்ளிவாசலில் இஷாவுக்குப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். முக்காட்டைச் சரிபண்ணிக்கொண்டு, டார்ச்சைக் குப்பிமேல் அடித்தாள். கண்ணாடியைச் சுற்றிப் பூசியிருந்த பசை கல்லாக இறுகிப் போயிருந்தது. கத்தியை விட்டு நெம்பினாள், கத்தி வளைந்ததுதான் மிச்சம்.

"உள்ள இருக்கற பொத்தானுக்கு அடி படக்கூடாதுண்ணே. அது போச்சுன்னா எல்லாம் போச்சு."

"நீ தள்ளு. இத செஞ்சவன் நான். எங்க தட்டினா எங்க வுடும்னு எனக்குத் தெரியும்."

குப்பியின் கழுத்தைச் சுண்டுவிரலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். இன்னொரு இடத்தில் தட்டினார். இந்த அவசரத்தில் இந்த மனுசன் கச்சேரி வைக்கிறாரே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிறகு ஒரே ஒரு தட்டு. பெரிய அடியெல்லாம் இல்லை, கதவைத் தட்டுகிற அளவுதான். கழுத்து வட்டமாக விரிசல் விட்டு, கண்ணாடியோடு ஒரு மூடி போலக் கையில் வந்துவிட்டது. உள்ளே சென்சார் அப்படியே இருந்தது.

போனைப் பார்த்தாள். இருபத்தாறு. அடுத்த எண், மைனஸ் ஏழு. அதற்கு அடுத்ததும் மைனஸ் ஏழு. அஞ்சு மாசத்துக்கப்புறம் முதல் தடவையாக அந்தச் சொல் வந்தது: தெளிவு. தகர மூடி கிரீச்சென்று தானாக நகர்ந்தது. "யா அல்லாஹ்!" என்று அவள் வாய்விட்டுச் சொன்னாள். கோதண்டபாணி கையில் உடைந்த பீங்கானோடு சிரித்துக்கொண்டு நின்றார்.

ஏழு நாற்பதுக்கு நட்சத்திரம் லேப்டாப்பில் வந்து உட்கார்ந்தது. கேமராவின் சின்னச் சட்டத்துக்குள் அது ஒன்றே ஒன்றுதான், பக்கத்தில் வேறு துணை இல்லை. நாலு வினாடி அணையும் என்று கணக்கு. ஏழு நாற்பத்தேழு. நாற்பத்தெட்டு. நட்சத்திரம் பட்டென்று போனது. போன வேகத்தில் திரும்பி வந்துவிட்டது.

"அவ்ளோதானா?" என்றார் கோதண்டபாணி.

பதிவை ஓட்டிப் பார்த்தாள். ஒரு வினாடி. சரியாகச் சொன்னால் ஒன்றே கால். பாஹிமாவின் சந்தோஷம் அங்கேயே வடிந்துவிட்டது. நாலு வினாடிக்கு ஒரு வினாடி என்றால் யார் நம்புவார்கள்? கையகல மேகம் ஒன்று குறுக்கே போனாலும் நட்சத்திரம் அப்படித்தான் போய் வரும். ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் இன்னொரு நட்சத்திரமும் இல்லை. மேகம் இல்லை என்று சாட்சி சொல்ல இருந்தது அந்தச் சென்சார் எழுதின பட்டியல் மட்டும்தான். அஞ்சு வினாடிக்கு ஒருதரம் மைனஸ் ஏழு, மைனஸ் ஏழு என்று ஆடாமல் அசையாமல் எழுதியிருந்தது. அதற்கு மேலே, ஏழு முப்பத்தாறு வரைக்கும், இருபத்தாறு, மூட்டம், மூட்டம், மூட்டம்.

அறிக்கையோடு அந்தப் பட்டியலையும் அனுப்ப வேண்டும். மேல் பகுதியை வெட்டிவிட்டு ஏழு நாற்பதிலிருந்து அனுப்பினால் போதும், ஒரு பூச்சிக்கும் தெரியாது. முழுசாக அனுப்பினால், அஞ்சே வினாடியில் மானம் எப்படியம்மா மாறியது என்று கேட்பார்கள். சொல்ல வேண்டியிருக்கும். அக்டோபரும் டிசம்பரும் வெளியே வரும். மானத்தையே பார்க்காமல் மூட்டம் என்று ரெண்டு தடவை எழுதிக் கொடுத்தவளிடம் கேமராவை யார் விட்டுவைப்பார்கள்? மவுஸை வெட்டுகிற இடத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

கோதண்டபாணிக்கு இந்த வெட்டு ஒட்டு எல்லாம் தெரியாது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கிச் சொன்னார்: "கண்ணாடி போட்டது நான்தான்னு எழுதிடும்மா. ரெண்டு தடவையும் மானத்துக்கு மூட்டம் போட்டது கோதண்டபாணின்னு எழுது. ஒங்கிட்ட இருந்து வாங்கிடப் போறாங்க, என்னால."

அந்த "என்னால" அவளைக் குத்திவிட்டது. சுட்ட விரல் சிவந்து கிடக்க, தான் நாலு நாள் உட்கார்ந்து செய்த குப்பியைத் தன் கையாலேயே உடைத்த மனுசன் பழியையும் கேட்டு வாங்கிக்கொள்கிறார். "நீங்க கண்ணாடிதான் போட்டீங்க. மூட்டம்னு எழுதிக் குடுத்தது நான்" என்றாள். வெட்டவில்லை. பட்டியலை முழுசாக இணைத்து, கீழே எழுதினாள்: "அக்டோபரிலும் டிசம்பரிலும் நான் அனுப்பிய மூட்டம், மேகத்தைப் பார்த்துச் சொன்னது அல்ல. சென்சார்மேல் கண்ணாடி இருந்தது. அது மானத்தைப் பார்க்கவில்லை, கண்ணாடியைப் பார்த்தது. இன்று ஏழு முப்பத்தாறுக்கு அதை உடைத்தோம். சோதிக்காமல் விட்டது என் தவறு." உடைந்த கண்ணாடியைப் படம் எடுத்து அதையும் சேர்த்தாள். அனுப்பிவிட்டு டிவிஎஸ்ஸில் ஏறி, மிச்ச ஷிப்டுக்குப் போனாள்.

மறுநாள் போன் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் வரவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் கேமராவைத் துடைத்து, பழைய பெட்டியில் வைத்து, மேலே ஒரு துண்டையும் போட்டு வைத்துவிட்டாள்.

திங்கள்கிழமை டீ நேரத்தில் கூப்பிட்டார் சக்கரபாணி. அவள் கேபினில் எழுந்து நின்றுகொண்டு கேட்டாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கோதண்டபாணி கையில் டீ டம்ளரோடு, குடிக்காமல், அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பேசி முடித்ததும் ஜன்னலைத் திறந்தாள். கண்ணெல்லாம் தண்ணி.

"வாங்கிக்கறாங்களா?" என்றார்.

"இல்லண்ணே. சிதம்பரத்துல நாலு வினாடி அணைஞ்சுதாம். அரியலூர்ல அணையவே இல்லியாம். கல்லோட ஓரம் நம்ம மாடிக்கு மேலதான் போயிருக்குது. அதனாலதான் ஒரு வினாடி. அந்த ஓரம் வேற யாருகிட்டயும் இல்லியாம்."

"அப்ப கேமரா?"

"இங்கயே இருக்கட்டுமாம்."

கோதண்டபாணி டீயை ஒரே மடக்கில் குடித்தார். அப்புறம்தான் அவருக்குச் சந்தேகம் வந்தது. "ஏம்மா, ரெண்டு தடவ தப்பா எழுதினோம். இந்த ஒரு வினாடிய மட்டும் மேகமில்லன்னு எப்பிடி நம்பினாங்களாம்?"

பாஹிமா முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்தாள்.

"நானும் அதத்தான் கேட்டேன். ஒடஞ்ச கண்ணாடியப் பத்தி எழுதினீங்களேம்மா, அதனாலதான்னு சொன்னாருண்ணே."